எழுபதைக் கடந்தும் முதன்மைப் பாத்திரம்: இசபெல் ஹூப்பேரின் நீண்ட திரைவாழ்வு எதன்மேல் நிற்கிறது?

2024 பிப்ரவரியில் நடந்த பெர்லின் திரைப்பட விழாவில் தென்கொரிய இயக்குநர் ஹோங் சாங்-சூவின் படம் ஒன்று நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. கொரியாவில் பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுத்துக் காலம் தள்ளும் அயல்நாட்டுப் பெண்ணாக அதில் நடித்த பிரெஞ்சு நடிகை இசபெல் ஹூப்பேருக்கு அப்போது வயது 70. அதே ஆண்டு வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவுக்கு அவரே நடுவர் குழுத் தலைவராக இருந்தார். 2025 மே மாதம் கான் விழாவில் தியெரி கிளிஃபாவின் படம் திரையிடப்பட்டபோது, பெரும் செல்வச் சீமாட்டியாகக் கதையின் நடுவில் நின்றவரும் அவர்தான். திரையிட்ட இரண்டு படங்களிலும் அவருடையது மரியாதைக்காகக் கொடுக்கப்பட்ட சிறு தோற்றம் அன்று. கதையே அவரைச் சுற்றித்தான் நகர்கிறது.

கதாநாயகி, பிறகு அண்ணி, பிறகு அம்மா, கடைசியில் புகைப்படச் சட்டத்துக்குள் பாட்டி என்ற வரிசைக்குப் பழகிய வாசகருக்கு இது புதிராகத் தோன்றுவதில் வியப்பில்லை. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் வயதைப் பொருட்படுத்துவதில்லை என்பது ஒன்று. ஹூப்பேர் ஒரு மேதை என்பது மற்றொன்று. முதல் விடை பெரும்பாலும் தவறு என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம். இரண்டாவது விடை உண்மையாகவே இருந்தாலும் எதையும் விளக்குவதில்லை, ஏனென்றால் வேலை கிடைக்காமல் ஒதுங்கிப்போன மேதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. பணம் எப்படித் திரட்டப்படுகிறது, எத்தகைய பாத்திரங்களை அவர் இளமையிலேயே தம் அடையாளமாக ஆக்கிக்கொண்டார், யாரோடு வேலை செய்தார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை துலங்கும்.

அடிப்படை விவரங்கள்

ஹூப்பேர் 1953 மார்ச் 16 அன்று பாரிசில் பிறந்தார். வசதியான நடுத்தரக் குடும்பம். வெர்சாய் இசை நாடகப் பள்ளியில் தொடங்கி, பாரிசின் தேசிய நாடகக் கல்லூரிவரை முறையான மேடைப் பயிற்சி பெற்றவர். 1972இல் திரைக்கு வந்தார். 1974இல் பெர்த்ராண் பிளியேவின் படத்தில் பெற்றோரை உதறிவிட்டுப் போகும் பதின்வயதுப் பெண்ணாகச் சில நிமிடங்களே வந்தாலும் கவனிக்கப்பட்டார். 1977இல் சுவிட்சர்லாந்து இயக்குநர் குளோத் கொரெத்தாவின் படத்தில், முடிதிருத்தும் நிலையத்தில் உதவியாளாக வேலை பார்க்கும் போம் என்ற பேசாமடந்தையாக நடித்தார். படித்த காதலன் கைவிட்டபின் மனநல விடுதியில் அமர்ந்திருக்கும் அவள், கடைசிக் காட்சியில் கேமராவை நேராகப் பார்க்கிறாள். அந்தப் பார்வை அழுவதுமில்லை, குற்றம் சாட்டுவதுமில்லை. அதற்குமேல் என்ன என்று பார்வையாளர் தாமாகவே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹூப்பேரின் பிற்கால நடிப்பு முழுவதற்கும் அந்த ஒரு ஷாட்டில் விதை இருக்கிறது என்பது என் கணிப்பு.

அதன்பின் இன்றுவரை நடித்த படங்கள் 120க்கும் மேல். ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்ற வேகம் ஐம்பதாண்டுகளாகக் குறையவில்லை. 2018இல் ஒளிபரப்பான, நடிகர்களின் முகவர்களைப் பற்றிய பிரெஞ்சு நகைச்சுவைத் தொடரின் ஓர் அத்தியாயத்தில் அவர் ‘இசபெல் ஹூப்பேர்’ ஆகவே தோன்றினார்: ஒப்பந்தத்தை மீறி ஒரே நேரத்தில் இரண்டு படப்பிடிப்புகளுக்கு ஓடும் நடிகையாக. அவருடைய உழைப்பு அந்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

பிரெஞ்சுப் படத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நடிகை நீண்ட காலம் நடிக்க வேண்டுமானால் முதலில் அவர் நடிக்கத்தக்க படங்கள் எடுக்கப்பட வேண்டும். ஐம்பது வயதுப் பெண்ணின் மனச்சிக்கலைப் பற்றிய படத்துக்கு, முதல் வார வசூலை மட்டும் நம்பும் தொழிலில் யாரும் பணம் போடமாட்டார்கள். பிரான்சில் போடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ரசனை மட்டும் அன்று. சட்டமும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. அதன் உறுப்புகள் இவை:

1. நுழைவுச்சீட்டு வரி. 1946இல் நிறுவப்பட்ட சி.என்.சி. எனும் தேசியத் திரைப்பட மையமே இந்த ஏற்பாட்டின் நடுநாயகம். திரையரங்கில் விற்கும் ஒவ்வொரு சீட்டின் விலையிலும் 10.72 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு இம்மையத்தின் நிதிக்குச் செல்கிறது. அமெரிக்கப் படத்துக்கு விற்கும் சீட்டுக்கும் இதே விதிதான். அதாவது ஹாலிவுட் படம் பார்க்கப் போகும் பிரெஞ்சு ரசிகர், தெரிந்தோ தெரியாமலோ அடுத்த பிரெஞ்சுப் படத்துக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு வருகிறார். இது அரசின் பொது வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் மானியம் அன்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொழிலுக்குள் சுழலும் பணத்தின் ஒரு பகுதி தொழிலுக்கே திருப்பிவிடப்படுகிறது.

2. தானாகக் கிடைக்கும் உதவி. ஒரு தயாரிப்பாளரின் முந்தைய படம் எவ்வளவு ஓடியதோ அதற்கேற்ப அவர் கணக்கில் ஒரு தொகை சேர்கிறது. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; அடுத்த படத்தில்தான் போட வேண்டும்.

3. தேர்ந்தெடுத்துத் தரும் உதவி. இதன் பெயர் ‘வசூல் முன்பணம்’. ஆந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்த 1959இல் உருவானது. ஒரு குழு திரைக்கதையை வாசித்து, தகுதியுள்ளது என்று கருதினால், படம் வெளியாகி வசூலிக்கப்போகும் பணத்தின்மேல் முன்கூட்டியே கடன் தருகிறது. வசூல் வந்தால் திருப்ப வேண்டும். வராவிட்டால் கழுத்தைப் பிடிப்பதில்லை. பெரும்பாலான படங்கள் முழுத் தொகையைத் திருப்புவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. முதல் படம் எடுப்பவர்களுக்கு இதில் தனி வாய்ப்பு உண்டு.

4. தொலைக்காட்சியின் கடமை. கட்டணமில்லா அலைவரிசைகள் தம் வருவாயில் 3.2 சதவீதத்தை ஐரோப்பியத் திரைப்படங்களில் முதலீடு செய்ய வேண்டும். 1984இல் தொடங்கிய கட்டண அலைவரிசையான கனால் பிளஸ் இதைவிடப் பெரிய பங்கைச் செலுத்துகிறது. படம் எடுக்கப்படும் முன்னரே அதன் ஒளிபரப்பு உரிமையை வாங்கிவிடுவது இவர்களின் வழி. 2021 முதல் நெட்பிளிக்ஸ் போன்ற இணையத் தளங்களும் பிரான்சில் ஈட்டும் வருவாயில் 20 முதல் 25 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுப் படைப்புகளில் போடும் கட்டாயத்துக்குள் வந்துவிட்டன.

5. காட்டுவதற்கு இடம். ‘கலைத் திரையரங்கு’ என்ற தகுதிச் சான்றும் அதற்குரிய உதவித்தொகையும் பெறும் அரங்குகள் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சிற்றூர்களிலும் உண்டு.

இதன் விளைவாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 300 படங்கள் இந்த ஏற்பாட்டுக்குள் தயாராகின்றன. இனி இதிலிருந்து நடிகையின் நிலைக்கு வருவோம். நடுத்தர, சிறு செலவுப் படங்களுக்கான பணத்தின் பெரும்பகுதி படப்பிடிப்புக்கு முன்பே உறுதியாகிவிடுகிறது. அதை முடிவு செய்பவர்கள் கூட்டமாக வந்து சீட்டு வாங்கும் ரசிகர்கள் அல்லர். குழு உறுப்பினர்களும் அலைவரிசைகளின் கொள்முதல் அதிகாரிகளும்தான். அவர்களிடம் போகும் திரைக்கதையின் முதல் பக்கத்தில் இயக்குநர் பெயருக்குக் கீழே ஹூப்பேரின் பெயர் இருந்தால் அதற்குத் தனி எடை உண்டு: படம் எடுத்து முடிக்கப்படும், விழாக்களுக்குப் போகும், பிறநாட்டு விநியோகஸ்தர்கள் பார்ப்பார்கள் என்ற எதிர்பார்ப்பை அந்தப் பெயரே தந்துவிடுகிறது. எனவே அவருடைய சந்தை மதிப்பு முதல் வாரக் கூட்டத்தைச் சார்ந்ததாக இல்லை. இளமையைச் சார்ந்ததாக இல்லாமல் போனதற்கு இது ஒரு பாதிக் காரணம். மறுபாதி அவரே தேடிக்கொண்டது.

இரக்கத்தைக் கேட்டு வாங்காத பெண்கள்

நடிகைகளின் ஆயுள் சுருங்குவதற்கு முகச்சுருக்கம் மட்டும் காரணம் என்று சொல்வது மேலோட்டமானது. பார்வையாளரின் விருப்பத்தை, பரிவை, ஆசையை ஈர்ப்பதே தம் மூலதனம் என்று தொடங்கியவர்களுக்கு வயது கூடும்போது அந்த மூலதனம் கரைகிறது. ஹூப்பேர் தொடக்கத்திலேயே வேறு கணக்கைத் திறந்துவிட்டார்.

1978இல், 25 வயதில், குளோத் ஷப்ரோலின் படத்தில் வியோலெத் நொசியேராக நடித்தார். 1933இல் பெற்றோருக்கு நஞ்சு கொடுத்து, தந்தை இறக்கக் காரணமான பாரிஸ் பெண்ணின் உண்மைக் கதை அது. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்குத் திரைக்கதை பல காரணங்களைக் கோடிட்டுக் காட்டுகிறது. நடிகையின் முகம் ஒன்றையும் உறுதிப்படுத்துவதில்லை. வீட்டில் தலையைக் குனிந்து உட்காரும் மகளும் வெளியே கறுப்புடையில் திரியும் பெண்ணும் ஒருத்தியே என்பதை அவர் எந்த மிகையும் இல்லாமல் காட்டினார். கான் விழாவில் சிறந்த நடிகை விருதை ஜில் கிளேபர்க்குடன் பகிர்ந்துகொண்டார்.

பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே இயக்குநர், அதே நடிகை, இன்னொரு உண்மைக் குற்றவாளி. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஷெர்பூர் நகரில் பெண்களுக்குக் கருக்கலைப்புச் செய்த மரீ-லூயிஸ் ஜிரோவுக்கு, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு 1943 ஜூலை 30 அன்று கில்லட்டினில் மரண தண்டனை நிறைவேற்றியது. இக்கதையை எடுக்கும் எவருக்கும் அவளைத் தியாகியாக்கிவிடும் சபலம் வரும். படமோ அவள் அதில் காசு பார்த்ததையும், வீட்டு அறையைப் பாலியல் தொழிலாளிக்கு வாடகைக்கு விட்டதையும், கணவனை அலட்சியப்படுத்தியதையும், பாடகியாகும் கனவில் திரிந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு அவளைக் கொன்ற அரசின்மீதுதான் நமக்குச் சினம் எழுகிறது. நல்லவள் என்பதால் மட்டும் ஒருத்திக்கு நீதி கிடைக்க வேண்டும் என்ற வாதத்தைவிட இது எவ்வளவோ வலுவானது. வெனிஸ் விழாவில் இந்த நடிப்புக்கு விருது கிடைத்தது.

1995இல் மறுபடி ஷப்ரோல், ‘லா செரமோனி’. எழுத்தறிவில்லாத வேலைக்காரப் பெண்ணாக சாந்த்ரீன் பொன்னேரும், ஊராருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அஞ்சலக ஊழியையாக ஹூப்பேரும் நடித்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஹூப்பேர் பள்ளிச் சிறுமிபோல் சடை பின்னிக்கொண்டு, ஓயாமல் பேசி, சிரித்துச் சிரித்து, வேலைக்காரப் பெண்ணை வைத்திருக்கும் குடும்பத்தின் கொலைவரை போகிறார். இது குளிர்ந்த முகமும் அன்று, புதிரான மௌனமும் அன்று. வாய் மூடாத ஒரு தீமை. ஹூப்பேர் என்றால் உறைந்த முகம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் படத்தை மறந்துவிடுகிறார்கள்.

2001இல் மிகாயேல் ஹானகேயின் ‘பியானோ டீச்சர்’. எல்ஃப்ரீட யெலினெக்கின் நாவலிலிருந்து வந்தது. வியன்னாவில் தாயோடு ஒரே படுக்கையில் உறங்கும் இசைப் பேராசிரியை எரிகா. ஒரு காட்சியை மட்டும் அருகில் சென்று பார்க்கலாம். ஒத்திகைக்கு முன் நடுங்கிக்கொண்டிருக்கும் மாணவிக்கு, எரிகாவின் மனம் நாடும் இளைஞன் ஆறுதல் சொல்லி, அவளருகே அமர்ந்து இசைத்தாளைப் புரட்டித் தருகிறான். மாணவியின் வாசிப்பு நன்றாகப் போகிறது. எரிகாவின் கண்கள் கலங்குகின்றன. இசையாலா, பொறாமையாலா, அந்தக் கரிசனம் தனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை என்பதாலா? அவள் எழுந்து உடைமாட்டும் அறைக்குப் போகிறாள். ஒரு கண்ணாடிக் குவளையைத் துணியில் சுற்றிக் காலால் மிதித்து நொறுக்கி, துகள்களை அம்மாணவியின் கோட்டுப் பைக்குள் கொட்டுகிறாள். கைகளில் அவசரம் இல்லை. முகத்தில் ஆத்திரம் இல்லை. வீட்டு வேலை ஒன்றை முடிப்பவளின் சீர்மை மட்டும் இருக்கிறது. கலங்கிய கண்ணுக்கும் நொறுக்கும் காலுக்கும் இடையே என்ன நடந்தது என்பதை ஹூப்பேர் நமக்கு நடித்துக் காட்டுவதில்லை. கானில் இரண்டாம் முறையாகச் சிறந்த நடிகை விருது கிடைத்தது இதற்குத்தான்.

வரிசையாக இவற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். நொசியேர் 25 வயதில், அஞ்சலக ஊழியை 42இல், எரிகா 48இல். வயது ஏறியதால் இந்தப் பாத்திர வகை நலிந்ததாகத் தெரியவில்லை. கூடுதல் ஆழமே பெற்றது. ரகசியத்தோடு வாழும் பெண்ணுக்கு வயது கூடக்கூட ரகசியமும் கூடுமே தவிர குறைவதில்லை.

1980: வாசல் மூடிய விதம்

இந்தப் பாதை எளிதாக வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடும். அமெரிக்க இயக்குநர் மைக்கேல் சிமினோ தம் ‘ஹெவன்ஸ் கேட்’ படத்தில், வயோமிங் மாநிலத்தில் விலைமகளிர் விடுதி நடத்தும் பெண்ணாக ஹூப்பேரை, தயாரிப்பு நிறுவனமான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸின் தயக்கத்தையும் மீறி நடிக்கவைத்தார். ஏறத்தாழ 4.4 கோடி டாலர் செலவில் வந்த படம் 1980 நவம்பரில் மண்ணைக் கவ்வியது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் எம்.ஜி.எம். கைக்கு மாறியது. ஒரு வெளிநாட்டு நடிகையின் பெரிய ஹாலிவுட் வாய்ப்பு இதைவிட மோசமாக அமைந்திருக்க முடியாது.

ஆனால் அதே 1980இல் மொரீஸ் பியாலாவின் ஒரு படமும் ழான்-லுக் கோதாரின் ஒரு படமும் அவர் நடிப்பில் கான் போட்டிப் பிரிவில் இருந்தன. ஒரு பக்கம் சரிந்தபோது மறுபக்கம் ஏற்கெனவே இரண்டு தூண்கள் நின்றன. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். ஆனால் பின்னாளிலும் அவர் வெளிநாட்டுக்குப் போனது பெரும்பாலும் நட்சத்திர அந்தஸ்துக்காக அன்று, குறிப்பிட்ட இயக்குநருக்காகவே.

‘எல்’: ஒரே திரைக்கதை, இரண்டு நாடுகள்

நிதி ஏற்பாடும் பாத்திரத் தேர்வும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதற்கு 2016இல் வந்த ‘எல்’ படத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. பிலிப் ஜியானின் பிரெஞ்சு நாவலை டச்சு இயக்குநர் பால் வெர்ஹோவன் முதலில் அமெரிக்காவில் எடுக்கத்தான் திட்டமிட்டார். திரைக்கதையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆனால் அங்கே பணமும் புரளவில்லை, முன்னணி நடிகைகள் எவரும் முன்வரவுமில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரைக்கதை பிரெஞ்சுக்கு மாற்றப்பட்டு, படம் பாரிசுக்கு வந்தது. நாவல் வந்த நாளிலிருந்தே ஆர்வம் காட்டிய ஹூப்பேர் அங்கே காத்திருந்தார்.

அமெரிக்க நடிகைகள் எதற்குத் தயங்கியிருப்பார்கள் என்பது முதல் சில நிமிடங்களிலேயே விளங்கிவிடும். வீடியோ கேம் நிறுவனம் நடத்தும் மிஷேல், முகமூடி அணிந்து நுழைந்தவனால் தன் வீட்டிலேயே வன்புணர்வுக்கு ஆளாகிறாள். அவன் போனபின் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பெருக்கி அள்ளுகிறாள். உடுத்திய ஆடையைக் குப்பையில் போடுகிறாள். குளியல் தொட்டியில் நுரைக்கு மேல் பரவும் இரத்தத்தைக் கையால் தள்ளிவிடுகிறாள். பிறகு தொலைபேசியில் சுஷி வரவழைக்கிறாள். காவல்துறைக்குப் போகவில்லை, யாரிடமும் அழவில்லை. பாதிக்கப்பட்டவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சமூகம் வைத்திருக்கும் ஒழுங்குமுறைக்கு அவள் கட்டுப்படவே இல்லை. பழிவாங்கும் கதையாக மாறும் என்று எதிர்பார்ப்பவரையும் படம் ஏமாற்றுகிறது. இப்படம் பாலியல் வன்முறையை மட்டுமீறிச் சாதாரணமாக்குகிறது என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 63 வயதில் ஒரு நடிகை தாங்கி நிறுத்திய படம் இது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் கோல்டன் குளோப், பிரான்சின் சேசார் ஆகிய இரண்டு விருதுகளும் கிடைத்தன. வாழ்க்கையின் முதல் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து ழான்-போல் சலோமேயின் படத்தில் மொரீன் கெர்னி என்ற தொழிற்சங்கத் தலைவியாக நடித்தார். அணுசக்தி நிறுவனமான அரேவாவில் பணியாற்றிய கெர்னி, 2012 டிசம்பரில் தம் வீட்டில் தாக்கப்பட்டார். அது அவரே புனைந்த நாடகம் என்று காவல்துறை திருப்பிக் குற்றஞ்சாட்டி, 2017இல் தண்டனையும் வாங்கிக் கொடுத்தது. 2018இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். உண்மையில் பாதிக்கப்பட்டவரைப்போல அவர் தோன்றவில்லை என்பதே படத்தில் விசாரணையாளர்களின் ஐயத்துக்கு அடித்தளம். உதட்டுச் சாயம் தீட்டிக்கொண்டு, குரல் உடையாமல் பதில் சொல்லும் பெண்ணை நம்பலாமா? ஹூப்பேரின் நாற்பதாண்டு நடிப்புமுறையே அந்தக் கேள்விக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கதையைவிட இயக்குநர்

பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது, தாம் பாத்திரத்தைவிட இயக்குநரையே தேர்ந்தெடுப்பதாக. படப்பட்டியல் அதற்குச் சாட்சி சொல்கிறது.

1. நீண்ட உறவுகள். ஷப்ரோலுடன் 1978 முதல் 2006 வரை ஏழு படங்கள். ஹானகேயுடன் நான்கு, அவற்றில் ‘அமோர்’ போன்றவற்றில் துணைப்பாத்திரம்தான். முதன்மைப் பாத்திரம் மட்டுமே ஏற்பேன் என்ற பிடிவாதம் இல்லாததும் நீண்ட வாழ்வுக்கு உதவியிருக்கிறது.

2. முதல் படம் எடுப்பவர்கள். 2008இல் உர்சுலா மையரின் முதல் திரையரங்கப் படம், 2011இல் ஏவா யோனெஸ்கோவின் முதல் படம் என்று பெயர் தெரியாத கைகளில் தம்மை ஒப்படைத்தார். முன்பு சொன்ன நிதி முறையில் இதன் பொருள் இன்னும் கூர்மையாகிறது: புதியவருக்கு அவர் பெயர் பணத்தைத் திறக்கிறது, அவருக்கோ அடுத்த தலைமுறையில் ஓர் இயக்குநர் கிடைக்கிறார்.

3. எல்லை தாண்டல். பிலிப்பைன்ஸில் பிரியாந்தே மெந்தோசா, கம்போடியாவில் ரித்தி பான், கொரியாவில் ஹோங். ஹோங் சிறு குழுவோடு, அன்றன்று காலையில் வசனம் எழுதி, சில நாள்களில் படத்தை முடிப்பவர். 2016இல் ‘எல்’ படத்துக்காக ஹூப்பேர் கானுக்கு வந்திருந்தபோது, விழா நடந்துகொண்டிருக்கையிலேயே அந்நகரத்து வீதிகளில் வைத்து அவரை நாயகியாகக் கொண்டு இன்னொரு படத்தை எடுத்து முடித்துவிட்டார். சிவப்புக் கம்பளத்துக்கும் கடற்கரைச் சந்துக்கும் இடையே இப்படிப் போய்வர ஒப்புக்கொள்ளும் நட்சத்திரங்கள் அதிகம் இல்லை.

மேடை என்ற இரண்டாம் கால்

பிரான்சில் பல நாடக அரங்குகள் பொது நிதியில் இயங்குகின்றன. திரையில் புகழ்பெற்றவர்கள் மேடைக்குத் திரும்புவது இறக்கமாகக் கருதப்படுவதில்லை. 2000இல் அவிஞோன் நாடக விழாவின் பெருமுற்றத்தில் கிரேக்கத் துன்பியல் நாயகி மெதேயாவாக நின்றார். 2002இல் குளோத் ரெழி இயக்கிய, ஆங்கில நாடகாசிரியர் சாரா கேனின் நாடகத்தில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் நின்று பேசினார். விரல்களும் குரலும் மட்டுமே நடித்தன. அமெரிக்க நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனுடன் மூன்று படைப்புகள். கடைசியானது 2019இல், ஸ்காட்லாந்து அரசி மேரியின் தனிமொழி. திரையில் ‘எதுவும் செய்யாமல்’ இருப்பதாகத் தோன்றும் அவருடைய நடிப்புக்கு எத்தகைய உடற்கட்டுப்பாடு தேவைப்படுகிறது என்பதை மேடையில் பார்த்தவர்கள் நன்கு அறிவார்கள்.

விருதுக் கணக்கை எப்படி வாசிப்பது?

பிரான்சின் சேசார் விருதுகளுக்கு அவர் 16 முறைக்குக் குறையாமல் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார். நடிகைகளில் வேறெவருக்கும் இவ்வளவு இல்லை. வென்றதோ இரண்டே முறை: 1996இலும் 2017இலும். முதல் பரிந்துரைக்கும் முதல் வெற்றிக்கும் இடையே இருபது ஆண்டுகள். அவரை மதிப்பதற்குத் தயங்காத தொழில்துறை, அவரை நேசிப்பதற்குத் தயங்கியது என்று இதை வாசிக்கலாம். பெருவிழாக்களின் நடுவர்கள் அவரை விரைவில் கண்டுகொண்டார்கள்: கானில் இரண்டு, வெனிஸில் இரண்டு என்று நடிகைக்கான விருதுகள். நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2009இல் கான் நடுவர் குழுவுக்கு அவர் தலைமை தாங்கியபோது விழாவின் முதல் பரிசான தங்கப்பனை ஹானகேயின் படத்துக்குப் போனது. நெடுநாள் கூட்டாளிக்கே கொடுத்துவிட்டார் என்ற முணுமுணுப்பு கேட்டது. அந்தப் படம் அதற்குத் தகுதியானதே என்று காலம் தீர்ப்பளித்துவிட்டது, ஆனால் முணுமுணுப்பும் நியாயமற்றதன்று.

இது எல்லோருக்கும் வாய்க்கிறதா?

இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வயதைப் பொருட்படுத்துவதில்லை என்ற முதல் விடை இங்கேதான் உடைகிறது. அந்நாட்டு நடிகர் நடிகையர் சங்கங்களில் ஒன்றான ஆஃபா, ‘ஐம்பது வயது நடிகையின் சுரங்கப்பாதை’ என்ற பெயரிலேயே ஒரு தனிக்குழுவை அமைத்துச் செயல்படுகிறது. ஐம்பதை நெருங்கும் நடிகைகள் திரையிலிருந்து மறைந்து, பாட்டியாகும் வயதில்தான் மறுபடி வெளியே வருகிறார்கள் என்பது அக்குழுவின் குற்றச்சாட்டு. நாட்டின் வயதுவந்த பெண்களில் ஐம்பதைக் கடந்தவர்கள் ஏறத்தாழப் பாதி. திரையில் அவர்களுக்குக் கிடைக்கும் பாத்திரங்களோ அதற்குச் சற்றும் ஈடாகாதவை.

அப்படியானால் முன்பு விவரித்த ஏற்பாடு யாருக்குப் பயன்படுகிறது? கத்ரீன் தெனவ், ழூலியெத் பினோஷ், ஹூப்பேர் போன்ற ஏற்கெனவே பெயருள்ள சிலருக்குத்தான் முதலில் பயன்படுகிறது. வழக்கமான சந்தை செய்வதைப்போல இவர்களை வெளியே தள்ளாமல் அது காக்கிறது. ஆனால் குழுக்களும் அலைவரிசைகளும் பெயரைப் பார்த்தே பணம் தருவதால், ஐம்பது வயதுப் பெண்ணுக்கான பாத்திரம் எழுதப்படும்போது அதே நான்கைந்து பெயர்களே முன்னால் வந்து நிற்கின்றன. ஹூப்பேர் ஆண்டுக்கு மூன்று படங்கள் நடிப்பதும், அவர் வயதையொத்த மற்றொரு நடிகைக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதும் ஒரே விதியின் இரு விளைவுகள். திரைக்கதைக்கு உதவி வழங்கும்போது பாத்திரங்களின் வயதையும் பாலினத்தையும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று கோருபவர்கள் குறிவைப்பது இந்த இடத்தைத்தான்.